சுவர்க் கணக்கு

அன்புள்ள சூசை,

இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதினால், கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். கடன் விஷயம்தான். ஆனால் வைத்துவிட்டுப் போனது எங்க தாத்தா.

இங்கே எல்லாரும் சுகம். எனக்குச் சர்க்கரை 240. உன் தங்கச்சி வெள்ளைப் பணியாரத்தைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. மண்டை வாத்தியார் போன மாதம் சைக்கிளில் போய் ஓர் ஆட்டின் மேல் மோதி, ஆட்டுக்காரனிடமே நஷ்டஈடு வாங்கிவிட்டார். மாறவே இல்லை.

விஷயம் இதுதான். கல்லறையில் உங்க ஆட்களையும் எங்க ஆட்களையும் பிரிக்கிற நடுச்சுவரை இடிக்கப் போகிறோம்.

புதுச் சாமியார் சின்ன வயசு. போன கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாசல் வழியாக இரண்டு தடவை சுற்றி வந்து மந்திரித்தார். இது என்ன சுவர் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த வருஷம் பங்குப் பேரவையில் வைத்தார். அடிதடி வரும் என்று பயந்துதான் போனேன். வரவில்லை. ஒரு பெரிய மனுஷர் எழுந்து, "மழையில் சரிந்துவிட்டது, ஆபத்து, அதனால் எடுத்தோம் என்று நோட்டில் எழுதிக்கலாமே" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தச் சுவரா மழையில் சரியும்? உன்னால் ஓர் ஆணி அடிக்க முடியுமா அதில்?

வீட்டுக்கு வந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரங்கூனில் செட்டியார் கடையில் கணக்கு எழுதியவர் இல்லையா, கோயில் கணக்கையும் அதே சுத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1931. கல்லறை நடுச்சுவர் வகைக்கு: செங்கல், கொத்தனார் கூலி, வண்டிச் சத்தம். சுண்ணாம்பு, செட்டியார் வீட்டு மிச்சம், இனாம். கடைசி வரி: "பற்றாக்குறைக்கு என் கைப்பணம் ரூ. 12."

கடுக்காயும் முட்டை வெள்ளையும் போட்டு அரைத்த சுண்ணாம்பு. விரிசல் விடாததற்குக் காரணம் இப்போது தெரிகிறது.

1930 கடைசியில் இதே ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் உங்க ஆட்களுக்கு எட்டுத் தடை போட்டார்களே: நகை கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. அடுத்த வருஷம் எங்க தாத்தா தினமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே செங்கல் எண்ணியிருக்கிறார்.

அதிலிருந்து எனக்கு ஒரே பைத்தியம். எந்தச் சபை எதற்கு மன்னிப்புக் கேட்டது என்று ராத்திரியெல்லாம் படிக்கிறேன். இங்கிலாந்துச் சபை அடிமை வியாபாரத்துக்கு 2006-லேயே மன்னிப்புக் கேட்டாயிற்று. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது: பழைய பேரேட்டை எடுத்து வைத்துப் புரட்டினார்கள். ஏழைப் பாதிரிமாருக்கென்று 1704-ல் ஆன் ராணி பெயரில் தொடங்கிய நிதி. அந்தப் பணத்தைத் தென்கடல் கம்பெனியில் போட்டிருந்தார்கள். கம்பெனி ஆப்பிரிக்க மனிதர்களைக் கப்பலேற்றி விற்றது. 2023-ல் 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாகச் சொன்னார்கள். போதாது என்று அங்கேயே குரல். இருக்கட்டும், வரவைத் தேடிப் பார்த்தார்களே.

இன்னொன்று கேள். பார்படோஸில் கோட்ரிங்டன் கரும்புத் தோட்டம், அந்தச் சபையின் மிஷன் சங்கத்துக்கு உயிலில் வந்த சொத்து. ஒரு காலத்தில் அங்கே அடிமைகளின் நெஞ்சில் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள். 1833-ல் விடுதலைச் சட்டம் வந்தது. 411 பேருக்கு ஈடாக 8,823 பவுண்டு. யாருக்கு? சங்கத்துக்கு! சூடு பட்டவனுக்குக் காலணா இல்லை. அதே 1833-ல் அதே சபையின் கல்கத்தா பிஷப் வில்சன், சாதியை அடியோடு உடனே விடுங்கள் என்று நம்ம பக்கத்துக்குச் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பல குடும்பங்கள் சாதியை வைத்துக்கொண்டு கோயிலை விட்டுவிட்டன.

அது அவங்க கதை, நாம கத்தோலிக்கர் என்று சொல்ல வாயெடுத்தால் வடக்கன்குளம் நிற்கிறது. கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர், 1910 வரைக்கும். நம்ம ஆயர்கள் 2016-ல்தான் சபைக்குள் சாதி இருக்கிறது என்று கொள்கை அறிக்கையாக எழுதி ஒத்துக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் அறிக்கையில் ஊர் ஊராக வருமா? ரூ. 12 வருமா?

தென்னாப்பிரிக்காவில் யோங்கர் என்று ஒரு வேதசாஸ்திரப் பேராசிரியர். நிறவெறிக்கு வேத வசனம் எடுத்துக் கொடுத்த சபையைச் சேர்ந்தவர். 1990-ல் பல சபைகள் கூடிய ரஸ்டன்பர்க் கூட்டத்தில் எழுந்து, முதலில் தன் சொந்தக் குற்றத்தைச் சொன்னார், பிறகுதான் சபையின் குற்றத்தை. கறுப்பினப் பேராயர் டுட்டு அதை ஏற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்களிலேயே பலருக்குக் கோபம். அந்த 'முதலில்' என்னைத் தூங்க விடவில்லை.

சூசை, உன் அம்மா அடக்கம். அந்த மழை. பெரிய வாசல் பக்கம் விடாமல், கண்மாய்க் கரைச் சகதியில் சுற்றிக்கொண்டு போனீர்கள். நீ முன்னால் தோள் கொடுத்திருந்தாய். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். குடை பிடித்துக்கொண்டு, செருப்பு நனையாத இடமாகப் பார்த்து. மறுநாள் வந்து உன் கையைப் பிடித்தேன், நீயும் எதுவும் கேட்கவில்லை. பெண், கடன், சினிமா என்று எல்லாம் பேசிய நாம் இதை மட்டும் ஒருநாளும் பேசவில்லை.

சுவர் இடிக்கிற அன்று அந்தக் கணக்குப் பக்கத்தைக் கோயிலில் வாசிக்கலாமா என்று உன்னைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதே உறைத்தது, அதையும் உன் தலையில் கட்டப் பார்க்கிறேன். பையன், "தாத்தா பேரைக் கெடுக்காதீங்கப்பா" என்கிறான். வாசிப்பேன். மழை என்று எழுதவும் விடமாட்டேன். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கு, வண்டி அனுப்புகிறேன். உன் முழங்காலை நம்பி நடந்து தொலைக்காதே.

நேற்று அந்தப் பக்கம் போனேன். அம்மா சிலுவையில் எழுத்து அழிந்திருக்கிறது. நீ சரி என்றால் பெயின்டரை வரச் சொல்கிறேன். அம்மா பிறந்த வருஷம் என்ன? எனக்குத் தெரியவில்லை.

உன்,
ஓணான்