காலைத் தூக்காமல் டயபர் மாற்றுவது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வென்டிலேட்டர், இன்குபேட்டர், மானிட்டர் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தார்கள். மூளையில் ஏற்படும் ரத்தக்கசிவுக்கு மட்டும் ஒரே வரி: சில குழந்தைகளுக்கு இதுவும் நேரலாம் என்று. மாலையில் மழை வரலாம் என்பதுபோல. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. கசிவை முழுக்கத் தடுக்க முடியாதுதான். ஆனால் குறைக்க முடியும்.

மிகவும் முன்னதாகப் பிறக்கும் குழந்தையின் மூளையில், நீர் நிறைந்த அறைகளை ஒட்டி, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. நிறைமாதம் நெருங்கும்போது அந்தப் பகுதியே கரைந்துவிடும். நம் மூளை, உடம்பில் ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வரும் ரத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்தத் திறன் முழுதாக வந்திருக்காது. உடம்பில் அழுத்தம் எகிறினால் மூளையிலும் எகிறும். கசிவுகளில் பெரும்பாலானவை பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஏற்படுகின்றன, அதிலும் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே.

அந்த மூன்று நாளில் அழுத்தம் எகிறாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. டயபரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குவதுதான் எல்லாருக்கும் பழக்கம். 700 கிராம் குழந்தைக்கு அப்படிச் செய்தால் காலில் இருக்கும் ரத்தம் சட்டென்று மேலே பாயும். அதனால் இடுப்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து டயபரை உள்ளே நகர்த்துவோம். புதிதாக டியூட்டிக்கு வரும் பெண்களுக்கு இது கைவர ஒரு வாரமாவது ஆகும். தொப்புள் வழிக் குழாயில் ரத்தம் எடுப்பதும் அப்படித்தான்: சிரிஞ்சைக் கடிகாரத்தைப் பார்த்து மெல்ல இழுக்க வேண்டும். மருந்தோ திரவமோ ஏற்றுவதும் மெதுவாகத்தான். சளி உறிஞ்சுவது தேவைப்பட்டால் மட்டும், நேரம் வந்துவிட்டது என்பதற்காக அல்ல. வென்டிலேட்டரைக் கவனிப்பவர்கள் குழந்தையின் ரத்தத்தில் கரியமில வாயு அதிகமாகவும் விடக் கூடாது, ரொம்பக் குறையவும் விடக் கூடாது. தலையை நடுவில் வைத்து, படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவோம். கழுத்து திரும்பினால் தலையிலிருந்து ரத்தம் இறங்கும் வழி நெருக்கப்படும். இந்தத் தலை விஷயத்துக்கு ஆய்வுச் சான்று இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க்க வரும் அப்பாக்களுக்குக் கோபம் வரும். "ஒரு மணி நேரமா யாருமே பக்கத்துல போகலையே சிஸ்டர், கவனிக்கிறீங்களா இல்லையா?" என்பார்கள். எல்லா வேலையையும் சேர்த்து ஒரே தடவையில் முடித்துவிட்டுக் குழந்தையைத் தூங்கவிட்டிருப்போம். நீங்களும் தடவிக் கொடுக்காதீர்கள், கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் மேல் அசைக்காமல் வையுங்கள் என்று காட்டிக்கொடுப்பேன்.

மருந்து இல்லையா என்று கேட்பார்கள். இண்டோமெதாசின் உண்டு. 2001இல் வெளியான பெரிய ஆய்வில் அது கடுமையான கசிவைக் குறைத்தது, ஆனால் 18 மாதத்தில் குழந்தைகளின் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. பிறப்பதற்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் பலமான ஆயுதம். நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972இலேயே அதன் பலனை வெளியிட்டார்கள். நுரையீரலுக்கான ஊசி என்றே பலரும் நினைக்கிறார்கள். மூளைக் கசிவையும் அது குறைக்கிறது. முன்கூட்டியே வலி வந்தால், வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாயின் வயிற்றிலேயே குழந்தை பயணிப்பதும் நல்லது. பிறந்தபின் ஆம்புலன்ஸில் குலுங்கிப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், தொப்புள் கொடியைப் பிழிந்து ரத்தத்தைக் குழந்தைக்குத் தள்ளும் முறையைக் கட்டுரை பாராட்டியிருக்கிறது. கர்ப்பத்தில் 28 வாரம் நிரம்பாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இது ஆபத்து. 2019இல் வெளியான ஆய்வில் இவர்களுக்குக் கடுமையான கசிவு கூடியதால் ஆய்வில் இவர்களுக்கான பகுதியையே நடுவில் நிறுத்தினார்கள். கொடியை வெட்டாமல் சற்றுக் காத்திருப்பது வேறு, பிழிவது வேறு. இதற்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

கட்டுரையோடு வந்த படத்தில் குழந்தையின் முகம் தோளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. முதல் 72 மணி நேரம் கழிந்து எடுத்த படமென்றால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்