அப்பாவின் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யக் கொடுக்காதே

திருச்சி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. மற்றதை நேரில் பேசலாம். நீ கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் சின்னம் வருகிறது, பிறகு ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்று ஓடுகிறது, மறுபடி முதலிலிருந்து. கடைக்காரர் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார், கொடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. வீராணம் பாசனத்தைப் பற்றி, மடை திறந்துவிட்ட பெரியவர்களிடம் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டு அப்பா எழுதியதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பெரியவர்களில் இன்று யார் இருக்கிறார்கள், சொல்? அதை வேறு யாராலும் திரும்ப எழுத முடியாது.

விண்டோஸ் எழும்பவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் சில கோப்புகள்தான் கெட்டிருக்கும். அப்பா அடித்து வைத்தது ஹார்டு டிஸ்க் என்கிற வட்டில் அப்படியே கிடக்கும். ஃபார்மட் செய்தால்தான் ஆபத்து. நம் பக்கம் அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் வட்டை சி, டி என்று பிரித்திருப்பார்கள். சி-யை மட்டும் அழித்தால் டி தப்பிக்கும். ஆனால் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அழித்துப் புதிதாகப் பிரிக்கிறவர்களும் உண்டு. அழித்ததன் மேல் புது விண்டோஸ் எழுதப்பட்ட இடத்திலிருந்து எதையும் மீட்க முடியாது.

முதலில் ஒன்று செய். அதை ஆன் செய்து பெட்டியின் அருகே காதை வை. ‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடு, மறுபடி போடாதே. வட்டின் உள்ளே படிக்கும் முனையே பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் இருப்பதும் கெடும். அப்படியானால் தகவல் மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். செலவு அதிகம்தான், ஆனாலும் அதற்கு நானும் பங்கு போடுவேன். சத்தம் இல்லாவிட்டாலும், யாராவது ‘செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்று சொல். அது வட்டின் ஒழுங்கைச் சரிசெய்ய அதன்மேலேயே எழுதும். நோய்ப்பட்ட வட்டில் அது கோப்பையே துண்டாக்கிவிடலாம். முதலில் நகல் எடுக்க வேண்டும், பழுது பார்ப்பது அதற்கப்புறம்.

இன்னொன்று. திரையில் தேதி ஏதோ பழைய வருடத்தைக் காட்டுகிறதா என்று பார். பெட்டிக்குள் மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று போட்டிருக்கும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த பெட்டியில் அது செத்துப்போயிருக்கும். அது போனால் போர்டின் அமைப்பெல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். வட்டை எந்த முறையில் படிப்பது என்பதும் மாறிவிட்டால் விண்டோஸ் எழும்பாது. வட்டுக்கு ஒரு குறையும் இருக்காது.

இனி நகலெடுப்பது. உன் பையனின் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்டை இறக்கிக்கொள்ளச் சொல். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இன்னொரு இயங்குதளம் அது, இலவசம்தான். பழைய பெட்டி என்பதால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும், அது கொஞ்ச நினைவகத்திலும் ஓடும். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதாக எடுக்கச் சொல். பென் டிரைவை எந்த முறையில் பிரிப்பது என்று ரூஃபஸ் கேட்கும்போது புது முறையான ஜிபிடி வேண்டாம், பழைய முறையான எம்பிஆர் என்று தேர்ந்தெடுக்கட்டும். அந்தக் காலத்துப் போர்டுகள் பல மற்றதிலிருந்து தொடங்காது. பிறகு பெட்டியை ஆன் செய்ததும் எஃப்12-ஐ, சில போர்டுகளில் எஃப்8 அல்லது எஃப்11-ஐ, விடாமல் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டினால் வட்டைத் தொடாமலேயே லினக்ஸ் திரைக்கு வந்துவிடும். அந்தத் திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு சின்னம் இருக்கும். அதன் பக்கமே போக வேண்டாம்.

அங்கே சி, டி என்ற பெயர்கள் தெரியாது, அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அப்பா வைத்திருந்த கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்று கவலைப்பட்டிருந்தாய். அது விண்டோஸுக்குள் நுழைய மட்டும்தான், வட்டைப் பூட்டாது. புது லேப்டாப்களில் கதை வேறு. தங்கை மகளுடையது போன மாதம் இப்படி நின்றபோது, வட்டையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறுக்கே வந்தது. அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைத் திறக்கும் 48 இலக்க எண் இருந்ததால் பிழைத்தோம். அது இல்லையென்றால் யாராலும் திறந்திருக்க முடியாது. உன் பையனையும் அந்த எண்ணைத் தாளில் குறித்து வைக்கச் சொல். அப்பாவின் விண்டோஸ் 7-இல் இந்தத் தொல்லை இருக்காது என்று நம்புகிறேன்.

யூசர்ஸ் கோப்புறையை முழுசாக வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடு. டி பகுதியில் இருப்பது எல்லாவற்றையும் எடு, பெயர் பார்த்துப் பொறுக்காதே. அதோடு விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் தவறாமல் எடு. எல்லோரும் விட்டுவிடுவது அதைத்தான். அப்பா தமிழ்த் தட்டச்சு பாஸ் செய்தவர். ய ள ன க என்று பழகிய விரல்களுக்குத் தோதாக இருக்கிறதென்று பாமினியிலேயேதான் அடித்தார், இல்லையா? அது, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்திய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கிலக் குறிகள்தான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். இதைப் பார்த்துவிட்டு ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று எத்தனை வீடுகளில் அழித்திருப்பார்களோ, நினைத்தாலே வயிறு எரிகிறது. தமிழக அரசே 2010-இல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்னால் எழுதியவர்களும், பின்னாலும் பழக்கத்தை விடாதவர்களும் விட்டுப்போனது இப்படித்தான் ஏதேதோ பெட்டிகளில் கிடக்கிறது. எழுத்துரு கையில் இருந்தால் அப்படியே படிக்கலாம், மாற்றியைக் கொண்டு யூனிகோடாக்கியும் விடலாம். மாற்றியபின் ஒருமுறை கூட இருந்து ஒப்பிட வேண்டும்; கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறும். அந்த வேலையை எனக்குக் கொடு. அப்பாவின் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்க எனக்கும் ஆசை.

நகல் ஏதாவது ஒரு கோப்பில் வெகுநேரம் நின்றுவிட்டால் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப முயலாதே, அணைத்துவிடு. அப்போது டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்தலாம். முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் இழுத்துக்கொள்ளும், கெட்ட இடங்களைக் கடைசியில்தான் தொடும், எங்கே விட்டோம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். அது கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டிய வேலை. மூல வட்டையும் நகல் வட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு, அதனால் நான் வரும்வரை காத்திரு.

எடுத்ததைப் பையனின் லேப்டாப்பில் செருகி, நாலைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்தபின்தான் பழைய வட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இன்னொரு நகல் உன் தங்கை வீட்டில் இருக்கட்டும். அந்தப் பழைய வட்டை அதற்குப் பிறகும் விற்காதே, தூக்கிப் போடாதே.

வரும் ஞாயிறு ஜெயங்கொண்டம் வழியாகக் காலை வண்டியில் வருகிறேன். வட்டைக் கழற்றி யூஎஸ்பி-யில் மாட்டும் அடாப்டர் என்னிடம் இருக்கிறது. டெஸ்க்டாப் வட்டுக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், அந்த அடாப்டரையும் எடுத்து வருகிறேன். நீ 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி வை. அப்பா எழுதியதில் கொஞ்சம் அச்சகத்துக்குப் போனது என்று ஒருமுறை சொன்னார். எந்த அச்சகம் என்று அம்மாவிடம் கேட்டு வை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்திருந்தால் அவர்கள் பக்கமும் ஒரு பிரதி இருக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைக்காரன்