பெற்றோருக்கு ஒரு கடிதம்: திருப்புதலை எப்போது தொடங்குவது?

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து இதுவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்திருக்கிறது. சுதந்திர தின விழாவில் பிள்ளைகள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் கபடியிலும் தடகளத்திலும் பரிசுகள் வாங்கினோம். கலைத் திருவிழாவில் நம் மாணவிகள் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கிறார்கள். குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டு, புதுக் குழாய்கள் போட்டாயிற்று. உழைத்த ஆசிரியர்களுக்கும் உதவிய பெற்றோருக்கும் நன்றி.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

காலாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் பலர் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தீர்கள். மாலை 4.20 முதல் 5 மணி வரை நடக்கும் திருப்புதல் வகுப்பை ஜனவரி வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். டியூஷனுக்கு நேரமாகிறது, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், குருவித்துறைப் பக்கம் போகும் பிள்ளைகளுக்குப் பேருந்து தவறுகிறது, பொதுத் தேர்வு மார்ச்சில்தானே, அதற்கு இப்போதே என்ன அவசரம் என்று மூன்று காரணங்கள் சொல்லியிருந்தீர்கள்.

மனுவைப் பொறுமையாகப் படித்தேன். பேருந்து விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரத்தில் பெண் பிள்ளைகள் நிறுத்தத்தில் காத்துக் கிடப்பது சரியில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளை 4.45-க்கே அனுப்பிவிடுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். விடுபடும் கால் மணி நேரத்தை அவர்கள் மறுநாள் மதிய இடைவேளையில் ஈடுகட்டிக்கொள்ளலாம். டியூஷனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான டியூஷன்கள் ஆறு மணிக்குத்தான் தொடங்குகின்றன. ஐந்தரைக்கே தொடங்கும் இடங்களில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களும் ஒத்துழைப்பார்கள்.

என்னை யோசிக்க வைத்தது மூன்றாவது காரணம்தான். "அரையாண்டு முடியட்டும் சார், அப்புறம் உட்காந்து படிச்சிருவான்" என்று அன்றைக்கு எத்தனை பேர் சொன்னீர்கள்! நம்பிக்கையோடுதான் சொன்னீர்கள். ஆனால் நாட்காட்டியைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் முடியும். விடுமுறை கழிந்து பள்ளி திறப்பதற்குள் ஜனவரி பிறந்துவிடும். பின்னாலேயே பொங்கல். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அந்த மூன்று நாளும் நம் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் படிக்கிறார்கள். பொங்கல் முடிந்த கையோடு திருப்புதல் தேர்வுகள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுகள். நடுவே தை மாத முகூர்த்தங்கள், காதுகுத்து, வீடு பால் காய்ச்சு. அதற்கப்புறம் மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில். மார்ச் வந்து வாசலில் நிற்கும்.

இதில் ஒரு பிள்ளை நிம்மதியாக உட்கார்ந்து படிக்க எத்தனை நாள் மிஞ்சும் என்று நீங்களே சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் மட்டும் எட்டு அலகுகள் இருக்கின்றன. ஜனவரியில் வைக்கும் திருப்புதல் தேர்வு, அதற்கு முன் ஒருமுறையாவது பாடங்களைத் திரும்பப் பார்த்த பிள்ளைக்குத்தான் பயன்படும். எந்த இடத்தில் தடுமாறுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவரும். அப்போதுதான் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கோ பயம்தான் வரும், வேறொன்றும் வராது.

பத்தாம் வகுப்பின் காலாண்டு அறிவியல் விடைத்தாள்கள் சிலவற்றை நானே வாங்கிப் பார்த்தேன். முதல் அலகு இயக்க விதிகள், ஜூனில் நடத்தியது. நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து விசைக்கான சமன்பாட்டைத் தருவிக்கச் சொல்லி ஒரு கேள்வி. ஜூலை அலகுத் தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவன், இந்த முறை 'விசை = நிறை ×' என்று எழுதிவிட்டு நின்றிருக்கிறான். 'திசைவேகம்' என்று எழுதி அடித்திருக்கிறான். அதன் மேலே 'முடுக்கம்' என்று எழுதியிருக்கிறான், அதையும் அடித்திருக்கிறான். பிறகு அந்தப் பக்கம் முழுவதற்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். சரியான விடை அந்தக் கோட்டுக்கு அடியில் கிடக்கிறது. அவனுக்குப் படிப்பு வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஜூலையில் தேர்வு எழுதிய நாளிலிருந்து அந்தப் பாடத்தை அவன் திரும்ப ஒருமுறைகூடத் தொடவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாளைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

மறதி எல்லோருக்கும் பொது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மறதி வேகமாக நடக்கிறது, அதன்பின் மெதுவாகிறது என்று அவர் கண்டார். அதே புத்தகத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்து 38 முறை சொன்னபோதே அவருக்குக் கிடைத்துவிட்டது. பிரித்துப் படித்ததால் உழைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெற்றோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முறை வைத்துப் பாய்ச்ச வேண்டிய தண்ணீரைப் பாய்ச்சாமல் விட்டுவிட்டு, கடைசியில் மொத்தத்தையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் கொடி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

படிக்கிற முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை ஒருமுறை படித்தபின், சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் தாளை ஓரம் வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி விழித்துப் படிக்கிற பிள்ளை "எல்லாம் தெரியும்மா" என்று சொல்வது பொய்யில்லை. அந்த ராத்திரி அதற்கு எல்லாம் தெரிகிறதுதான். மறு வாரம் தெரியுமா என்பதே கேள்வி.

மாலை வகுப்பில் நாங்கள் செய்வதும் இந்த இரண்டையும்தான். முன்பு நடத்திய பாடம் ஒன்றைச் சொல்லி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொல்கிறோம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் அவர்களே சேர்க்கிறார்கள். மிச்ச நேரத்தில் அந்தப் பாடத்தின் உள்ளிருந்து ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை மட்டும் பழைய பாடங்களில் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு. கணக்கில் செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். வாரத்துக்கு ஒரு படம் போட்டாலே மார்ச்சுக்குள் கை நன்றாகப் பழகிவிடும். அதையே பிப்ரவரியில் ஆரம்பித்தால் காம்பஸைப் பிடிக்கும்போதே கை நடுங்கும்.

சரி, எப்போதுதான் தொடங்க வேண்டும்? பாடம் நடத்திய அன்று மாலையே பத்து நிமிடம் என்பதுதான் என் பதில். அதே பாடத்தை அந்த வாரக் கடைசியில் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அரையாண்டின்போது அது புதுப்பாடமாகத் தெரியாது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை இதற்கு மேல் வருத்த வேண்டாம். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் தினமும் அரை மணி நேரம் சேர்த்துக்கொண்டால் தாராளம். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மாதம் வேண்டும், இந்த ஆண்டு கணக்கில் விடுகிற இடம் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் வந்து இடிக்கும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஜூனிலேயே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்காதவர்களுக்கு இந்த வாரமே நல்ல வாரம். தீபாவளி வரை தள்ளிப் போட்டால் ஜூனில் நடத்தியதில் பாதியைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

முன்கூட்டியே தொடங்குங்கள் என்றால் பிள்ளையை வாட்டி எடுங்கள் என்று அர்த்தமில்லை. அதிகாலை நான்கு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவதாகச் சில வீடுகளில் பெருமையாகச் சொல்கிறீர்கள். இரவு பதினொன்றரை வரை விழித்திருக்கும் பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பினால், முதல் பாட வேளையில் அது மேசையில் தலை சாய்த்துவிடுகிறது. இந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சீக்கிரம் தொடங்கினால்தான் ஒரு நாளில் படிக்க வேண்டியது குறையும். மாலையில் விளையாடவும் நேரம் கிடைக்கும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்கிறேன். மாலை வகுப்பு நடக்கும்போது கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பதும், தம்பியையோ தங்கையையோ உள்ளே அனுப்பி "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிக் கூட்டிப் போவதும் இத்தோடு நிற்க வேண்டும். போன மாதம் ஒரே வாரத்தில் பல பாட்டிகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பெற்றோரே பொய் சொல்லிக் கூட்டிப் போகும்போது, அந்தப் பிள்ளை பள்ளியைப் பற்றி என்ன நினைக்கும்? உண்மையான அவசரம் என்றால் நீங்களே அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டு அழைத்துச் செல்லுங்கள், ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். வெள்ளிக்கிழமைத் தேர்வை விடும் பிள்ளைகள் திங்கட்கிழமை காலை 8.30-க்கு வந்து எழுத வேண்டும். ஜனவரி, பிப்ரவரித் திருப்புதல் தேர்வு நாட்களில் விசேஷங்களுக்காக விடுப்பு கிடையாது. மொய் எழுதவும் பந்தியில் நிற்கவும் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை ஒரு கல்யாணத்துக்கு வரவில்லை என்று எந்தத் தாய்மாமனும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். மாலை வகுப்பை நிறுத்தி வைக்க மாட்டோம், தொடர்ந்து நடக்கும்.

மனுவில் கையெழுத்திட்டவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிள்ளை சோர்ந்து வீட்டுக்கு வருவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கேட்டீர்கள் என்று புரிகிறது. இது நடவு நேரம். பகலெல்லாம் வயலில் குனிந்து நின்றுவிட்டு, அந்தச் சேற்றுக் காலோடு விடைத்தாள் வாங்க வந்த அம்மாக்களை அன்றைக்குப் பார்த்தேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பாக்களும் இருந்தார்கள். இதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது, நாங்க எப்படி சார் சொல்லிக் கொடுக்குறது" என்று கேட்டவர்களுக்கு நம் பள்ளியில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். வெற்றிலை அடுக்கும் வேலைக்குப் போகும் ஒரு தாய், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகளின் புத்தகத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். "இன்னைக்கு என்ன நடத்துனாங்க, சொல்லு" என்று கேட்கிறார். புத்தகத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மகள் எந்த இடத்தில் இழுக்கிறாள், எந்த இடத்தில் மேலே பார்க்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது. உடனே புத்தகத்தைக் கையில் கொடுத்து, "பாத்துட்டு வந்து மறுபடி சொல்லு" என்கிறாராம். அந்தப் பெண் ஜூன் மாதப் பாடத்தைக் காலாண்டில் ஒரு வரி விடாமல் எழுதியிருந்தாள். நாங்கள் மாலை வகுப்பில் செய்வதும் இதேதான். இதை எந்த வீட்டிலும் செய்யலாம். போனை மட்டும் அந்தப் பத்து நிமிடம் வேறு அறையில் வைத்துவிடுங்கள். தேர்வுக்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் வரும் 'முக்கிய வினாக்கள்' எதையும் பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

இந்தக் கடிதத்தின் கீழே உள்ள சீட்டில், மாலை வகுப்புக்கு உங்கள் சம்மதத்தையும் பிள்ளை ஏறும் பேருந்தின் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். இன்னும் தயக்கம் இருப்பவர்கள் எந்த நாளும் மாலை ஐந்து மணிக்கு மேல் என்னை வந்து பார்க்கலாம், ஆறு மணி வரை அறையில் இருப்பேன்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்