சண்முகத்துக்கு, புல்லட் விஷயமாக

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அப்பா காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அம்மா இப்போது உன்னோடு ஈரோட்டில்தான் இருக்கிறார் என்று படித்ததும் கொஞ்சம் நிம்மதி. அவருக்கு அந்த ஊர்த் தண்ணீர் பிடிக்கவில்லையாமே? தாமிரபரணியில் வளர்ந்த நாக்கு அப்படித்தான் இருக்கும்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அப்பாவின் புல்லட்தான். அந்த '84 மாடலைக் கடைசியில் நீ எடுத்துக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று உன் பையன் தடுமாறுகிறான் என்று எழுதியிருந்தாய். நீ தடுமாறியதை நான் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன். முருகன்குறிச்சியில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தாயே, அதை அவனிடம் சொல்லியிருக்க மாட்டாய்.

சரி, கார்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று உங்கள் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வாங்காதே. நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துவிட்டுக் கிக்கரை அடித்தால் வண்டி கிளம்புகிறது. சூடேறியதும் சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடுகிறது. ஆனால் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஓடுகிறது. அப்படியென்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது என்கிறாயே, அதுவும் இதையே சொல்கிறது.

எந்தத் தொந்தரவானாலும் அது ஆக்சிலேட்டரின் எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கைப்பிடி ரப்பரில் ஒரு கோடு, பக்கத்தில் அசையாத இடத்தில் ஒரு துண்டு ஒட்டும் டேப். அந்த டேப்பில் முழுதாக மூடியது, கால், முக்கால், முழுசு என்று பேனாவால் குறித்துக்கொள். தொடக்கத்தில் எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டின், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையின் ராஜ்ஜியம். அதிலிருந்து கால் வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்கு மேல் பெரிய துளையான மெயின் ஜெட். உனக்கு ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை விட்ட நிலையில்தான் கோளாறு. ரோட்டில் ஐம்பதில் போகும்போது நன்றாக இழுக்கிறது என்றால் மெயின் ஜெட்டையும் ஊசியையும் தொடவே வேண்டாம். நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்கள்.

அப்பா படுத்திருந்த எட்டு மாதமும் வண்டி நின்றே கிடந்தது அல்லவா? அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கார்பரேட்டரின் அடிக் கிண்ணமான பவுலில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் மாதிரி ஒரு பசை தங்கிவிடும். முதலில் அடைபடுவது பைலட் ஜெட்தான், அதன் துளை அவ்வளவு சின்னது. பவுலைக் கழற்றும்போது மோந்து பார், வார்னிஷ் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பவுலில் மிச்சமிருப்பதை ஒரு கண்ணாடி தம்ளரில் ஊற்றிப் பார். அடியில் குண்டு குண்டாக உருண்டு நின்றால் அது தண்ணீர். செம்பழுப்புத் தூள் படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

கழற்றுவதைப் பழைய வேட்டி விரித்த ஒரு தட்டின் மேல் வைத்துச் செய். என் வண்டியில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவின் ஸ்பிரிங் ஒருமுறை தெறித்து எங்கோ போய், நானும் உன் தங்கச்சியும் டார்ச் அடித்து வாசல் முழுக்கத் தேடினோம். துளசி மாடத்தின் அடியில் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு எனக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அதை அடுக்களைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

ஜெட்டைக் குத்த கம்பியோ ஊசியோ வேண்டாம். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் அவ்வளவுதான். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றை அடி. அதற்கும் மசியவில்லையென்றால் ஒயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழை. பிறகு டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார். கடுகைவிடச் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால் இன்னும் அழுக்கு ஒட்டியிருக்கிறது. நான் அந்த வட்டத்துக்காக இரண்டு மாலை உட்கார்ந்தேன்.

திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் பக்கத்துக் காடி உள்ளே இருக்கும் பின்னில் உட்கார வேண்டும். வெட்டுச் சரிவு ஏர்ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். மூடியை இறுக்கியதும் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டுப் பார், டக்கென்று கீழே விழும் சத்தம் வந்தால்தான் கிக்கரில் கால் வை.

ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடு. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, எந்த இடத்தில் ஸ்லோ ஏறி நிலையாக நிற்கிறதோ அங்கே விட்டுவிடு. உன் வண்டியின் மிக்கார்ப் கார்பரேட்டரில் இந்த ஸ்க்ரூ காற்றைத்தான் அடைக்கிறது. உள்ளே விட்டால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் குறையும். எஞ்சின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் கார்பரேட்டர்களில் இது தலைகீழ். அந்தப் பழக்கத்தில் இதைத் திருகித்தான் பலர் கெடுக்கிறார்கள். மெக்கானிக் பையன்களையும் குறை சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே கார்பரேட்டர் இல்லாத இஞ்செக்‌ஷன், அவர்கள் எங்கே பைலட் ஜெட்டைப் பார்த்தார்கள்?

இத்தனைக்குப் பிறகும் ஸ்லோ நிற்கவில்லையென்றால், கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பார். எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றி லேசாக கிளீனரை அடி. சூடான சைலன்சர் குழாயில் படாமல் பார்த்துக்கொள், அது தீப்பற்றும். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை.

இன்னொன்று. இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இதற்கு சுமார் 13.5 போதும். உன் அப்பா வண்டியின் ஜெட் பழைய கணக்குக்குச் செய்தது, அதனால் காற்று எப்போதுமே கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். ஒரு நீள ஓட்டத்துக்குப் பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது. வெளுத்திருந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கு, ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். பெட்ரோல் டியூபைப் புதிதாக மாற்றிவிடு. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, பவுல் வற்றும் வரை ஓடவிட்டு அணை.

நான் ஏமாந்த கதையையும் கேள். போன வருஷம் தென்காசி போகும்போது, சீதபற்பநல்லூர் தாண்டியதும் வண்டி இழுக்காமல் திணறி நின்றது. ஒரு டீ குடித்துவிட்டு அடித்தால் ஒரே உதையில் கிளம்பியது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர், மறுபடி அதே கதை. திரும்பி வந்து கார்பரேட்டரை மூன்று தடவை பிரித்தேன். பவுலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் ஊசியை மாற்றினேன், ஸ்பார்க்குக்கான கண்டன்சரைக்கூட மாற்றினேன். நான்காவது தடவை நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது. டேங்குக்குப் பெயின்ட் அடித்தவர் மூடியில் இருந்த காற்றுத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டார்! உள்ளே காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? ஒரு குண்டூசியில் தீர வேண்டிய விஷயம்.

பிளக் நிறத்தைப் பார்த்து எழுது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வருகிறேன், பவானி வரை ஓட்டிப் பார்ப்போம். உன் வீட்டுத் தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமசாமி

பி.கு: என் 10-11 ரிங் ஸ்பேனர் உன்னிடம்தான் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கிப் போனாய்.