நூலுக்குத் தடை கோரும் அன்பர்களுக்கு ஒரு நூலகரின் திறந்த மடல்

பக்தர் பேரவைகள், சமயச் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சமய உணர்வைப் புண்படுத்துகிறது என்று சொல்லி ஏதாவது ஒரு நூலைத் தடை செய்யும்படி மாவட்ட ஆட்சியரிடமோ காவல் துறையிடமோ மனுக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மனுக் கொடுப்பவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அதன் வாசகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது நூலகங்களில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன்; நாள்தோறும் தேவாரம் ஓதிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குகிறவன். நம்பிக்கை இல்லாத ஒருவன் வெளியில் நின்று குறை சொல்கிறான் என்று இம்மடலை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பணியில் இருந்தபோது ஒரு நாள் பிற்பகலில் ஏழெட்டுப் பேர் நூலகத்துக்கு வந்தார்கள். ஒரு நாவலை அடுக்கிலிருந்து அகற்ற வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. மனுவோடு அந்த நாவலின் இரண்டு பக்கங்களை நகலெடுத்து இணைத்திருந்தார்கள். அவற்றில் ஆறேழு வரிகளுக்கு மஞ்சள் மை பூசியிருந்தது. முன்னால் நின்ற பெரியவரைக் கோயிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். தாளை நீட்டியபோது அவர் கை நடுங்கியது. "எங்க அம்மாவைப் பத்தி எழுதின மாதிரி இருக்கு, சார்" என்றார். அந்த வலி பொய்யானதன்று. அன்றும் நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை, இன்றும் மதிப்பிடவில்லை. நூலை முழுவதும் படித்தீர்களா ஐயா என்று கேட்டேன். இல்லை, அந்த இரண்டு பக்கங்கள் மட்டும் அலைபேசியில் வந்தன என்றார்.

அவர்கள் போன பிறகு அந்த நூலைத் தேடி எடுத்தேன். பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தேதித்தாளில் நான்கு ஆண்டுகளில் மூன்றே முத்திரைகள் விழுந்திருந்தன. இரண்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து தொலைபேசியில் ஒரு சொல் வந்தது. எழுத்தில் எதுவும் வரவில்லை. நூலைப் பூட்டிவைத்து, பதிவேட்டில் "பைண்டிங்குக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதச் சொன்னார்கள். நானும் எழுதினேன். கட்டு சிறிதும் குலையாத நூல் அது. அடுத்த வாரத்திலிருந்து அதைக் கேட்டு யாராவது ஒருவர் வராத நாளே இல்லை. ஒவ்வொருவரிடமும் அந்தப் பொய்யை நான் திரும்பச் சொன்னேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நம் நாட்டில் நூல்கள் மறைவது பெரும்பாலும் இப்படித்தான் என்பதை நீங்கள் அறிய வேண்டும். சட்டப்படியான வழி வேறு. மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவிலும் 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவிலும் உள்ளபடி, அந்த முடிவுக்கு எப்படி வந்தது என்ற காரணங்களை எழுத்தில் சொல்லியே அறிவிக்கை வெளியிட வேண்டும். அந்த நூலில் அக்கறை உள்ள எவரும் இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரிப்பார்கள். பெரியார் எழுதிய இராமாயண ஆய்வின் ஆங்கில வடிவத்தையும் அதன் இந்தி மொழிபெயர்ப்பையும் உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தபோது, காரணங்களைச் சொல்லவில்லை என்பதற்காகவே அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை 1976இல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இருப்பதால்தான் அதிகாரிகள் அந்த வழியைத் தவிர்த்துவிட்டு, தொலைபேசியிலும் "அமைதிப் பேச்சுவார்த்தை" என்ற பெயரிலும் காரியத்தை முடிக்கப் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

அத்தகைய பேச்சுவார்த்தை ஒன்றை நாம் எல்லோரும் பார்த்தோம். பெருமாள்முருகன் எழுதி 2010இல் வெளிவந்த "மாதொருபாகன்" நாவலுக்கு நான்கு ஆண்டுகள் கழித்துத் திடீரென எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் வருவாய்த் துறை அலுவலர் முன்னிலையில் நடந்த கூட்டத்தில், பெருமாள்முருகன் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டியதாயிற்று. தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத நூலைப் படிக்குமாறு எவரும் வற்புறுத்தப்படவில்லை என்றும், அந்த எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இடையில் போன ஒன்றரை ஆண்டை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது.

உங்கள் மனுக்களில் தவறாமல் இடம்பெறும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவையும் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299) ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். நபிகள் நாயகத்தைப் பற்றிய ஓர் இழிவான பிரசுரத்தின் வெளியீட்டாளரை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்ததால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, 1927இல் ஆங்கிலேயர் ஆட்சி சேர்த்த பிரிவு அது. சட்டம் வந்த இரண்டாம் ஆண்டிலேயே அந்த வெளியீட்டாளர் கொலை செய்யப்பட்டார். அந்தப் பிரிவுகூட, வேண்டுமென்றே தீய உள்நோக்கத்தோடு செய்யப்படும் அவமதிப்பைத்தான் குற்றம் என்கிறது. மனம் புண்பட்டது என்ற அளவிலேயே குற்றம் ஆகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1957இலேயே தெளிவாக்கியது. பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்கும் அரசியல் சட்டத்தின் 19(2) உறுப்பில் பொது ஒழுங்கு இருக்கிறது, அவதூறு இருக்கிறது, குற்றத்துக்குத் தூண்டுதல் இருக்கிறது. புண்பட்ட உணர்வு என்ற சொல் இல்லை. ஒரு சமூகத்தாரை அடியுங்கள், ஊரைவிட்டு விரட்டுங்கள் என்று தூண்டும் எழுத்து வந்தால் சட்டத்தின் துணையை நாடுங்கள். நானும் உங்களோடு வருகிறேன்.

இனி, சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். புண்படுத்துவதே தடைக்குப் போதும் என்று வைத்துக்கொண்டால், முதலில் அகப்படுவது நான் நாள்தோறும் ஓதும் நூல்தான். ஞானசம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் கண்டிப்பதாகவே அமைந்திருக்கிறது. சில இடங்களில் சொற்கள் கடுமையானவை. ஒரு சமணர் அப்பாடல்களுக்கு மஞ்சள் மை பூசி ஆட்சியரிடம் கொண்டுபோனால், நாம் என்ன சொல்வோம்? அந்தக் காலத்தின் சமயப் போராட்டத்தை அறிந்து படிக்க வேண்டும் என்போம். பதிகம் முழுவதையும் பார்க்க வேண்டும், பத்தாம் பாடலை மட்டும் பிய்த்து எடுக்கக் கூடாது என்போம். நாம் சொல்வது சரியாகவும் இருக்கும். அதே நியாயத்தை அந்த நாவலாசிரியர் கேட்டபோது நாம் ஏன் தர மறுத்தோம் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டாம். திருக்குர்ஆனைப் பறிமுதல் செய்ய ஆணையிடுமாறு கோரி கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குத் தொடுத்தார்; இதே சட்டப் பிரிவுகளையே அவரும் துணைக்கு அழைத்தார். 1985 மே மாதம் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2011இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில், உரையோடு கூடிய பகவத் கீதையின் ரஷ்ய மொழிபெயர்ப்பைத் தீவிரவாத நூல் என்று அறிவிக்க அரசு வழக்கறிஞர்கள் கேட்டார்கள். நம் நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பு எழுந்தது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் கண்டித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஒரு புனித நூல் யாருக்கெல்லாம் உறுத்தலாகத் தோன்றும் என்பதை அரசு முடிவு செய்யக் கூடாது என்று அன்று நாம் தோம்ஸ்க்குக்குச் சொன்னோம்.

தடை கேட்பதன் மூலம் நீங்கள் உங்கள் நம்பிக்கையையே ஓர் அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. தெய்வத்தைப் பற்றி எது சொல்லத் தக்கது, எது தகாதது என்பதை ஆதீனங்களும் அறிஞர்களும் அடியார்களும் பேசித் தெளிந்த மரபு நம்முடையது. அந்த இடத்தில் இன்று கோப்புகளுக்கு நடுவே, மாலைக்குள் கூட்டம் கலைந்தால் போதும் என்று நினைக்கும் ஒருவரை உட்கார வைக்கிறோம். அவர் நம் சமயத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதுமில்லை. அடுத்த ஆண்டு வேறொருவர் அங்கு இருப்பார், வேறொரு கூட்டத்துக்கு அஞ்சுவார்.

மணிமேகலையில் இந்திர விழாவுக்காகப் புகார் நகரில் முரசறைந்து விடுக்கும் அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். தத்தம் சமயப் பொருளை வாதிட வல்லவர்கள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுங்கள் என்கிறது அது. பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்லுங்கள் என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறது. திருவிழாவும் சமய வாதமும் ஒரே அறிவிப்பில் இடம்பெற்ற நகரம் அது.

குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்தை மறுக்கவே நீலகேசி என்ற சமண காப்பியம் எழுந்தது. குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சிய சில பாடல்கள் புறத்திரட்டு முதலிய திரட்டுகளிலும் உரைகளிலும் கிடைக்கின்றன. அவற்றுள் நீலகேசியின் உரையும் ஒன்று. மறுக்க வந்தவர்கள் எதிரியின் சொல்லை எடுத்துக்காட்டி மறுத்தார்கள். அதனால் அந்தச் சொல்லில் கொஞ்சமாவது நம் கைக்கு வந்தது. மாணவனாக இருந்தபோது இதை முதன்முதலில் கேட்ட அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று எழுந்த அருட்பா, மருட்பாப் பூசலும் உங்களுக்குத் தெரிந்ததே. அது கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது உண்மை. இரு தரப்பு நூல்களிலும் பண்பு தவறிய வசைகள் உண்டு என்பதும் உண்மை. ஆயினும் பல பத்தாண்டுகள் கண்டனத்துக்குக் கண்டனம், மறுப்புக்கு மறுப்பு என்று அச்சேறிக்கொண்டே இருந்ததால்தான், யார் என்ன சொன்னார்கள் என்பதை இன்று நம்மால் படித்து எடைபோட முடிகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை அலைபேசியில் இரண்டு பக்கம் வந்தால், நூலை முழுமையாகப் படிக்கும் வரை மனு எழுதாதீர்கள். படித்த பிறகும் மனம் ஆறவில்லை என்றால் மறுப்பு எழுதுங்கள். கூட்டம் போட்டுப் பேசுங்கள். எழுத்தாளரை அழைத்துக் கேளுங்கள், அவர் அச்சமின்றி வந்து அச்சமின்றித் திரும்ப நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்யவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்களில் எவரேனும் மறுப்பு நூல் எழுத முன்வந்தால், மேற்கோள்களைச் சரிபார்த்து மெய்ப்புத் திருத்தித் தருகிறேன்; என் கண்ணுக்கு இன்னும் அதற்கான வலு இருக்கிறது. நூலக வகைப்பாட்டில் ஒரு நூலுக்கு எழுதப்பட்ட மறுப்பை அந்த நூலின் எண்ணோடு சேர்த்தே வைப்பது வழக்கம். தேடி வருகிறவர் கை நீட்டும்போது இரண்டும் ஒரே அடுக்கில், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்