லாக்கை தேய்க்க சொல்லாதீங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வண்டி கேள்வி பதில் பகுதியில மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டிருந்தார். தன்னோட பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்ல பின் ஆக்சில் கிராஸ் (ஷாப்ட் சுத்திக்கிட்டே மடங்கறதுக்கு நடுவுல இருக்கற கூட்டல் குறி மாதிரி சாமான்) மாத்தினாராம், அதோட நாலு கால்லயும் மாட்டற மூடி மாதிரி கப்புல மூணு ஒழுங்கா உக்காந்துடுச்சு, நாலாவது கப்பு மட்டும் ஒரு மயிரிழை வெளிய நிக்குது, கப்பு வெளிய வராம தடுக்கற லாக்கு வளையம் அதுக்குன்னு இருக்கற காடியில, அதாவது பள்ளத்துல, விழவே மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தார். பதில் சொன்னவர் லாக்கை எமரி பேப்பர்ல தேய்ச்சு மெலிசாக்கி போட்டுடுங்க, சரியாயிடும்னு ஒரே வரியில முடிச்சுட்டார். காபி டம்ளரை கையில வச்சுக்கிட்டே படிச்சேன், பகீர்னு ஆயிடுச்சு. அதான் உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

அம்பாசடர், பழைய பியட் ரெண்டுலயும் பின்னாடி ஆக்சில் ஒரே கட்டையா இருக்கும், கிராஸ் இருக்கறது நடுவுல ஓடற ப்ரொப்பெல்லர் ஷாப்ட்ல. அதனால நம்ம ஊர் மெக்கானிக்குங்க நிறைய பேருக்கு கிராஸ்னா இன்ஜின் இழுப்பை பின்னாடி கொண்டு போற சாமான், அவ்ளோதான். ஹெரால்டு கதையே வேற. 1959ல இங்கிலாந்துல வந்த ட்ரயம்ப் ஹெரால்டு அது, நம்ம வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ்ல 1961லேர்ந்து செஞ்சாங்க. இதுல டிபரன்ஷியல், அதாவது இழுப்பை ரெண்டு பின் வீலுக்கும் பிரிச்சு கொடுக்கற பல்சக்கரப் பெட்டி, சேசிஸோட போல்ட் போட்டு அசையாம நிக்கும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாப்ட், ஷாப்ட்டோட உள்முனையில ஒரு கிராஸ், வெளிமுனையில வீல் விறைப்பா மாட்டியிருக்கும். பள்ளத்துல வீல் இறங்குச்சுன்னா மொத்த ஷாப்ட்டும் அந்த கிராஸை பிடிச்சுக்கிட்டு கதவு கீல்ல ஆடற மாதிரி ஆடும். மேல குறுக்கால ஒரு பட்டை ஸ்பிரிங், முன்பக்கத்துலேர்ந்து வர்ற ஒரு ராடு, இதத் தவிர வீலை பிடிச்சு வச்சிருக்கறது அந்த ஷாப்ட்டும் கிராஸும்தான். வளைவுல திரும்பும்போது வண்டி பக்கவாட்டுல தள்ளற தள்ளு முழுக்க அந்த நாலு கப்புலயும் போய் இறங்குது சார், அந்த கப்புங்களை வெளிய வராம பிடிச்சு வச்சிருக்கறது நாலு லாக்கு. அம்பாசடர்ல லாக்கு தெறிச்சா ஷாப்ட் ரோட்டுல விழுந்து கடகடன்னு இழுபடும், அதுவும் ஆபத்துதான், ஆனா நாலு வீலும் இடத்துல இருக்கும். ஹெரால்டுல லாக்கு தெறிச்சு கப்பு வெளிய வந்துச்சுன்னா அந்த பக்கத்து வீலுக்கு பிடிமானமே போச்சு. இந்த லாக்கையா எமரியில தேய்க்கறது?

நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல, இதே தப்பை பண்ணவன்தான். என்கிட்ட இருக்கறது 1964 மாடல், ரெண்டு டோர். முதல் தடவை வீட்டு ஷெட்லயே கிராஸ் மாத்தினப்போ இதே மாதிரி கடைசி கப்பு ஒரு மில்லிமீட்டர் நின்னு போச்சு. விட்டேனா, வைஸ் கைப்பிடியில ஒரு பைப்பை சொருகி இன்னும் இறுக்கினேன், டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு, ஆஹா உக்காந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டா கப்போட அடி விரிசல். கழட்டி கிரீஸை வழிச்சு பாத்தா, கப்புக்குள்ள ஓரத்துல சுத்தி நிக்கற ஊசி பேரிங்ல, அதாவது மெல்லிசு இரும்பு உருளைங்கள்ல, ஒண்ணு நட்டமா நிக்காம அடியில படுத்து கெடக்கு. அவ்ளோ சின்ன சாமான், அதுதான் அத்தனை கப்பையும் தூக்கி பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. புது கிராஸ் காசு போச்சு, மறுபடி சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அலைஞ்சேன்.

அதனால மதுரைக்காரருக்கு நான் முதல்ல சொல்றது, அந்த நாலாவது கப்பை வெளிய எடுத்து ஊசியை எண்ணுங்க, மத்த கப்புல எத்தனை இருக்கோ அத்தனை இதுலயும் ஓரத்துல வரிசையா நிக்கணும். பத்துக்கு எட்டு தடவை சமாசாரம் இதுதான்னு என் அனுபவம். ஊசி விழாம இருக்க கெட்டி கிரீஸ் தடவி நிக்க வைக்கணும், கப்பை பாதி தூரம் அழுத்தினதுமே உள்ள இருக்கற கிராஸை கையால தூக்கி கப்புக்குள்ள நுழைச்சுடணும், கிராஸோட கால் உள்ள இருந்தா ஊசி சாய எடமே கிடையாது, அப்புறமா வைஸ்ல மெதுவா தள்ளணும். கப்பை விட கொஞ்சம் சின்ன பாக்ஸ் ஸ்பேனரை முட்டு கொடுத்து தள்ளுங்க. சுத்தியால கப்பு தலையிலயே அடிக்கறவங்களை பாத்திருக்கேன், அடிக்கற அதிர்ச்சியிலதான் ஊசியே விழுது.

ஊசி சரியா இருந்தும் உக்காரலன்னா எதிர்பக்க கப்பை பாக்கணும். அது தன் லாக்குல போய் முட்டாம கொஞ்சம் உள்ள தள்ளி நின்னுச்சுன்னா இந்தப் பக்கத்துக்கு எடம் எங்கேர்ந்து வரும்? இங்கேர்ந்து ஒரு தள்ளு தள்ளினா அது போய் முட்டும், இந்தப் பக்கம் காடி பளிச்னு தெரியும். அதுவும் இல்லன்னா காடியையே பாருங்க, அம்பது அறுபது வருஷ துரு அதுல கல்லு மாதிரி கெட்டியா ஒட்டியிருக்கும், ஒடஞ்ச ஹாக்ஸா பிளேடு துண்டால சுரண்டி எடுத்தா ஒரு ஸ்பூன் தூள் வரும். எல்லாம் பண்ணியும் முடியலன்னா வாங்கின கிராஸே வேற வண்டியோடது. கடையில பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும், கப்பு விட்டமும் ஒண்ணா இருக்கும், மொத்த நீளம்தான் வேற. பழைய கிராஸை கையில எடுத்துட்டு போங்க, வெர்னியர் அளவுகோல்ல ரெண்டையும் கப்புக்கு கப்பு அளந்து பாத்துட்டு காசு கொடுங்க. கடைக்காரர் இதெல்லாம் எல்லாத்துக்கும் சேரும் சார்னு சொல்லுவார், சொல்லட்டும்.

மாட்டின பிறகு ஒரு விஷயம், கையால ரெண்டு பக்கமும் ஆட்டி பாக்கணும். எங்கயும் பிடிக்காம வழுவழுன்னு ஆடணும். ஒரு பக்கம் இறுக்கமா இருந்தா பயப்பட வேணாம், கிராஸை கவ்வி பிடிக்கற கவட்டையான யோக்கோட காதுல பித்தளை சுத்தியால லேசா ரெண்டு தட்டு தட்டினா கப்பு வெளிய நகந்து லாக்குல போய் சாஞ்சுக்கும், பிடிப்பு விட்டுடும். தட்டியும் விடலன்னா யோக் வளைஞ்சிருக்கு, இல்ல மறுபடியும் ஒரு ஊசி விழுந்திருக்கு. நேர் எதிரா, கப்பு கட்டைவிரல்ல அழுத்தினாலே உள்ள போகுதுன்னா அந்த யோக் ஓட்டை தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். சில பட்டறையில ஓட்டையை சுத்தி சென்டர் பஞ்ச்ல புள்ளி புள்ளியா அடிச்சு டைட் பண்ணி அனுப்பிடறாங்க, மேல பெயிண்டும் அடிச்சுடறாங்க. எனக்கே ஒரு தடவை அப்படி பண்ணி கொடுத்தாங்க, ரெண்டு மாசம் கூட தாங்கல. தேஞ்ச யோக்குக்கு வேற யோக்தான் வழி.

இன்னொண்ணு, கிராஸை கழட்டறதுக்கு முன்னாடியே அதுதான் குத்தவாளியான்னு பாத்துக்கறது நல்லது. கிளட்ச் விடும்போது டக்னு ஒரு அடி, ரிவர்ஸ்லேர்ந்து பர்ஸ்ட் போட்டா இன்னொரு அடி, உடனே கிராஸ் போச்சும்பாங்க. டிபரன்ஷியல் பல்லு தேஞ்சாலும் இதே சத்தம்தான். வண்டியை தூக்கி ஸ்டாண்டுல நிக்க வச்சு, கிராஸுக்கு ரெண்டு பக்கமும் கை வச்சு எதிரெதிரா திருகி பாருங்க, கிராஸ்லயே ஆட்டம் தெரிஞ்சா மாத்துங்க. கப்பு ஓரத்துல மிளகாப்பொடி மாதிரி செவப்பா தூள் கசிஞ்சிருந்தா பாக்கவே வேணாம், உள்ள கிரீஸ் காஞ்சு ஊசி அரைபட்டுக்கிட்டு இருக்கு.

திருப்பி மாட்டும்போது ராடு முனை, ஸ்பிரிங் முனையில இருக்கற ரப்பர் புஷ்ஷோட போல்டெல்லாம் வண்டி தூக்கி இருக்கும்போதே முறுக்கி முடிச்சுடக் கூடாது. ஹெரால்டை தூக்கினா பின் வீல் ரெண்டும் தவளைக்கால் மாதிரி உள்பக்கமா மடங்கி தொங்கும், அந்த நிலையில முறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். இறக்கி, ரெண்டு மூணு தடவை முன்ன பின்ன உருட்டி, வண்டி தன் எடைக்கு உக்காந்த பிறகு முறுக்கணும். இறக்கின உடனே வீல் சாஞ்சே நிக்குதேன்னு எங்க பக்கத்து வீட்டுக்காரர் பதறி போய் ஓடி வந்தார், பத்தடி உருட்டினதும் நேராயிடுச்சு.

இந்த ஆக்சிலை நம்ம மெக்கானிக்குங்களுக்கு எப்பவுமே பிடிக்காது, 1972ல வந்த ஸ்டாண்டர்ட் கஸெல்ல கம்பெனியே இதை தூக்கிட்டு கட்டை ஆக்சில் போட்டுடுச்சு. அதனால பழைய சாமான் கடையில ஹெரால்டு ஆக்சில்னு சொல்லி கஸெலோடதை காட்டினா ஏமாறாதீங்க, அதுல வீலுக்கு போற ஷாப்ட்ல கிராஸே இருக்காது.

ஆசிரியர் சார், இதை முழுசா போட எடம் இல்லன்னா பரவாயில்ல, அடுத்த ஞாயிறு அதே பகுதியில லாக்கை தேய்க்க வேணாம், கப்பை கழட்டி ஊசியை எண்ணுங்கன்னு ஒரு வரியாவது போட்டுடுங்க. மதுரைக்காரர் ஏற்கனவே தேய்ச்சு மாட்டியிருந்தா புது லாக்கு வாங்கி போடற வரைக்கும் வண்டியை ஷெட்டை விட்டு எடுக்க வேணாம்.

இப்படிக்கு,
ஒரு ஹெரால்டு வாசகன்,
பெருங்களத்தூர்.