எங்களுக்காகக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினரைத் தாருங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர். மூன்று பிள்ளைகளின் தாய். கடைசி மகள் பத்தாம் தரத்தில் படிக்கிறாள். போன கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி, "கணிதத்துக்கு ஆள் எப்ப வரும்?" என்று கேட்டார். அதிபர் என்னைப் பார்த்தார். என் மடியில் ஒரு கோவை இருந்தது. பதினான்கு மாதங்களாக நாங்கள் எழுதிய கடிதங்களின் பிரதிகள் அதில் இருக்கின்றன. அந்தத் தகப்பனுக்குச் சொல்லக்கூடிய ஒரு வரி அதில் இல்லை. அன்றிரவுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

எங்களைப் போன்ற பாடசாலைகளுக்குப் பொறுப்பான மாகாண சபைகள் காலம் முடிந்து, தேர்தல் இல்லாமல் வெறுமையாகக் கிடப்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள். எங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு போய், பதில் சொல்லவேண்டியவரின் முகத்துக்கு நேரே கேட்க, எங்கள் வாக்கில் வந்த ஓர் உறுப்பினர் வேண்டும்.

எங்கள் பாடசாலையில் இருந்த கணித ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை முடித்துவிட்டு இடமாற்றம் பெற்றுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வயதான தாயைத் தனியே விட்டுவிட்டு, கிழமை நாட்களில் இங்கே வாடகை அறையில் தங்கி, வெள்ளி பின்னேரம் பஸ் ஏறிப் போய் வந்தவர். போவதற்கு முன் பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் காலையும் மாலையும் வகுப்பு வைத்துவிட்டுத்தான் போனார். அவருடைய இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை.

முதல் தவணை முழுக்க உடற்கல்வி ஆசிரியர்தான் கணித பாடவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு நாங்களே பேசி, வீட்டுக்கு முந்நூறு ரூபாய் போட்டு, உயர்தரம் முடித்த ஒரு பிள்ளையைப் படிப்பிக்க வைத்தோம். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல, முந்நூறைக் கூட இரண்டு தரமாகத் தந்தன. அந்தப் பிள்ளை நன்றாகத்தான் படிப்பித்தாள். அவளுக்குக் கம்பஸ் கிடைத்தது, போய்விட்டாள். சந்தோசமாகத்தான் வழியனுப்பினோம். அடுத்த நாள் வகுப்பில் மறுபடி ஆள் இல்லை. வசதியுள்ள இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் நகரத்துக்கு ரியூசன் போகிறார்கள். பஸ் காசும் ரியூசன் காசும் கட்ட முடியாத பிள்ளைகள் வகுப்பில் இருந்து பழைய வினாத்தாளைப் பார்த்து எழுதுகிறார்கள். என் மகளுடன் படிக்கும் ஒரு பிள்ளைக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை. பெரும்பாலான அரச வேலைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் மொழியையும் கணிதத்தையும் பார்ப்பார்கள். போன மாதம் அவள் என்னிடம் வந்து, "அன்ரி, கணிதம் இல்லாமல் தாதிக்கு எடுக்க மாட்டினமோ?" என்று கேட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனோம், வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனோம், மேலேயும் எழுதினோம். யாரும் எங்களைத் துரத்தவில்லை, கதிரை தந்து இருத்தித்தான் கதைத்தார்கள். ஒரு அதிகாரி உண்மையான கவலையோடு, "அம்மா, எனக்கு வந்த சுற்றறிக்கைக்கு மேலே என்னால் ஒன்றும் செய்ய ஏலாது" என்றார். அவர் சொன்னது சரி. அதிகாரி தனக்கு மேலே இருப்பவருக்குத்தான் பதில் சொல்வார், எங்களுக்கு அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் விண்ணப்பித்தோம். "மேற்படி பாடத்துக்கு வெற்றிடம் நிலவுகிறது" என்று பதில் வந்தது. வெற்றிடம் இருக்கிறது என்பது வகுப்பின் வாசலில் நின்று பார்க்கும் எவருக்கும் தெரியும். அது ஏன் நிரப்பப்படவில்லை, எங்கள் வலயத்துக்கு நியமனம் பெற்ற எத்தனை பேர் தற்காலிக இணைப்பு என்ற பெயரில் நகரத்துப் பாடசாலைகளில் வேலை செய்கிறார்கள், அந்த இணைப்புக்கு ஒப்பம் வைத்தது யார்? இந்தக் கேள்விகளுக்குக் கடிதத்தில் பதில் வராது. சபையில் எழும்பி நின்று ஒருவர் கேட்டால், அமைச்சர் பதில் சொன்னபிறகும் விடாமல் மறுகேள்வி போட்டால், அது சபைப் பதிவேடான ஹன்சாட்டில் பதியப்பட்டால், அப்போது வரும்.

கடைசியாக உங்களில் ஒருவரிடமே போனோம். பெயர் சொல்லவில்லை, அவர் எங்களை நன்றாகத்தான் நடத்தினார். முழுவதையும் கேட்டுவிட்டு, "இது மாகாணப் பாடசாலை. பாராளுமன்றத்தில் கேட்டால் மாகாணத்துக்குரிய விடயம் என்று சொல்லிவிடுவார்கள்" என்றார். சரி, மாகாணத்தில் யாரிடம் கேட்பது என்றோம். அவர் பேசாமல் இருந்தார். பிரதேச சபைக்கு 2025 மே மாதம் வாக்களித்தோம், எங்கள் ஊரில் உறுப்பினர் இருக்கிறார். அவரால் தெருவிளக்குப் போடலாம், உள் வீதியைத் திருத்தலாம். ஆசிரியரைத் தர முடியாது. ஆகக் கீழேயும் எங்களுக்கு ஆள் உண்டு, மேலே நீங்களும் இருக்கிறீர்கள். பிள்ளை படிக்கும் பாடசாலையும், காய்ச்சலென்றால் ஓடும் பிரதேச வைத்தியசாலையும், அங்கே போகிற வீதியும் எந்த இடத்தில் இருக்கின்றனவோ, அந்த நடு இடத்தில் ஒருவரும் இல்லை.

அந்த இடத்தில் ஆட்கள் இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. கிழக்கைத் தவிர்ந்த மற்ற மாகாணங்கள் 1988இலிருந்து வாக்களித்து வந்தன. வடக்குக்கென்று தனியாக முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல்தான் நடந்தது. 38 பேர் கொண்ட சபை. முல்லைத்தீவுக்கு ஐந்து உறுப்பினர், வவுனியாவுக்கு ஆறு, மன்னாருக்கு ஐந்து. இதே மூன்று மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து உங்கள் சபைக்கு வருவது ஆறே பேர். பதினாறு பேர் இருந்தபோது எங்கள் ஊர்ச் சந்தியில் ஒருவரையாவது மறித்துப் பிடித்துக் கதைக்கலாம். முல்லைத்தீவிலிருந்து சபை கூடிய கைதடிக்குத் தூரம்தான், ஆனாலும் அங்கே எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல வாய் இருந்தது.

அந்தச் சபை எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. உட்கட்சிச் சண்டையில் எத்தனையோ அமர்வுகள் போயின. தீர்மானங்கள் நிறைய எடுத்தார்கள், செயலில் வந்தவை கொஞ்சம். நிதி திரும்பிப் போகிறது என்றும் குற்றச்சாட்டு இருந்தது. நாங்களும் திட்டினோம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். யாழ் மாவட்டத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று சனம் கத்தியபோது, அந்தச் சபையில் அது பேசப்பட்டது, மாகாண அரசு நிபுணர் குழு போட்டது. அந்தக் குழு சொன்னதையும் சனம் கேள்வி கேட்டது, சபைக்குள்ளேயே கேள்வி வந்தது. அந்த மாகாண அரசின் சொந்த அமைச்சர்கள் மீதான முறைப்பாடுகளுக்கு விசாரணைக் குழு வைக்கப்பட்டு, 2017இல் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகவேண்டி வந்தது. முதலமைச்சர் மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை கையளிக்கப்பட்டது. அசிங்கமாக இருந்தது என்று அப்போது நானும் சொன்னேன். இன்று நினைத்தால், கேள்வி கேட்கிறவர்கள் இருக்கிற இடத்தில்தான் அந்த அசிங்கமும் வெளியே தெரியும். 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. ஏழு வருடங்களுக்கு மேலாகி விட்டன. மாகாணத்தில் ஒருவரும் பிழை விடவில்லை என்றா அர்த்தம்?

இப்போது முதலமைச்சரின் வேலையும், நான்கு அமைச்சர்களின் வேலையும், சபையின் வேலையும் ஓர் ஆளுநர் கையில். ஆளுநர்கள் சிலர் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள், மாவட்டங்களுக்கு நேரில் வந்து சனத்தைச் சந்தித்தவர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அவரை நியமிப்பது ஜனாதிபதி, மாற்றுவதும் ஜனாதிபதி. ஆட்சி மாறினால் ஆளுநரும் மாறுகிறார். நாங்கள் அவரிடம் மனுக் கொடுக்கலாம். கேள்வி கேட்க முடியாது. மனுவும் கேள்வியும் ஒன்றல்ல. மனு கொடுப்பவர் கை கட்டி நிற்கவேண்டும்.

மாகாணத்தின் கீழிருந்த பாடசாலைகளைத் தேசிய பாடசாலையாக மாற்றும் திட்டம் வந்ததே, அந்தப் பாடசாலைகள் மாகாணத்தின் கையை விட்டு மத்திக்குப் போனால் நல்லதா கெட்டதா என்று விவாதிக்க எங்கள் மாகாணத்தில் சபை இருக்கவில்லை. 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. அதற்கு முன்னும் பின்னும் இந்த மண் கொடுத்த விலையை இங்கே எழுதினால் இந்த மடல் முடியாது. காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் என்று எழுத்தில் இருந்ததே எங்கள் கைக்கு வரவில்லை. அது போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதனால் சொல்லவில்லை. அதிகாரம் குறைந்த சபையாக இருந்தாலும் இருந்த ஒன்றையும் பூட்டி வைத்துவிட்டு, அதிகாரப் பகிர்வு பற்றி எங்களிடம் வந்து பேசுகிறபோது எரிகிறது. மன்னிக்கவேண்டும், ஆசிரியர் கதையிலிருந்து எங்கேயோ போய்விட்டேன்.

தேர்தல் ஏன் நின்றது என்பதற்கும் உங்கள் சபையிலேயே பதிவு இருக்கிறது. 2017 செப்டெம்பரில் வேட்புமனுவில் பெண்களுக்கு 30 வீதம் உறுதி செய்வதற்கென்று ஒரு சட்டமூலம் வந்தது. குழுநிலையில் அதற்குள் புதிய தேர்தல் முறையையே நுழைத்து, தொகுதி எல்லை பிரிக்காமல் தேர்தல் வைக்க முடியாதபடி நிறைவேற்றினார்கள். ஒரு பெண்ணாக எனக்கு அது இரட்டை வலி. 2013இல் யாழ் மாவட்டத்தில் இரண்டாவது அதிக விருப்பு வாக்கு எடுத்தது ஒரு பெண். எங்கள் பெயரைச் சொல்லிக் கொண்டுவந்த சட்டம்தான் எல்லோருடைய வாக்கையும் பூட்டியது. 2018 ஓகஸ்ட் 24இல் எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றும் இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அடுத்து பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

உங்களில் பெரும்பாலானவர்கள் 2024 நவம்பரில்தான் முதல் தடவையாகப் பாராளுமன்றம் வந்தீர்கள். அந்த 139 வாக்குகளில் உங்கள் வாக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆளும் தரப்பில் 159 பேர் இருக்கிறீர்கள். பழைய விகிதாசார முறையில் ஒரு தடவை தேர்தல் வைக்கச் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு கூடத் தேவையில்லை, சாதாரண பெரும்பான்மை போதும். எல்லை பிரிக்கிற வேலையைப் பிறகு ஆறுதலாகச் செய்யுங்கள்.

தெற்கிலிருந்து வந்த உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. இது தமிழருடைய கோரிக்கை என்று மடித்து வைத்துவிட வேண்டாம். கிழக்கு, சப்ரகமுவ, வடமத்தி சபைகள் எங்களுக்கும் ஒரு வருடம் முந்தியே 2017இல் முடிந்தன. கடைசியாக 2019இல் ஊவாவும் முடிந்தது. இன்று ஒன்பது மாகாணங்களிலும் சபை இல்லை. மொனராகலையில் ஆசிரியர் இல்லாத வகுப்பின் தாயும் என்னைப் போல ஒரு கோவையை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்கும் கேட்க ஆள் இல்லை.

கோபத்தில் ஏதும் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: சட்டத்தைத் திருத்துங்கள், திகதியைச் சொல்லுங்கள், மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள். இந்த வருடம் பதினோராம் தரம் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு அது உதவாது என்று எனக்குத் தெரியும். என் மகளுக்குக்கூட உதவாமல் போகலாம். அவளுக்குப் பின்னால் ஆறாம் தரத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சபை வரும்வரை எங்கள் கேள்வியை உங்களிடமே ஒப்படைக்கிறேன். கோவையின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது இதுதான்:

"வடக்கு மாகாணத்தில் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எத்தனை, எவை? அந்தப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டு வேறிடத்தில் இணைப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தத் திகதியில் திரும்ப அனுப்பப்படுவார்கள்?"

கேட்பவர்: வெற்றிடம்.

பணிவுடன்,
பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்